எந்த உப்பு?

ஜூன் 3

ஹிலமாதூ தீவுக்கு வந்து சேர்ந்தேன். ‘வந்து சேர்ந்தேன்’ என்பது மரியாதைக்காக எழுதுவது. உண்மையில் இரண்டு பேர் என்னைப் படகிலிருந்து மூட்டையை இறக்குவதுபோல இறக்கி வைத்தார்கள். தலைநகர் மாலேயில் படகு ஏறும்போது, “நான் தூத்துக்குடிக்காரன், கடலைப் பார்த்தே வளர்ந்தவன்” என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமை அடித்திருந்தேன். முதல் வாந்தி அவர் சட்டையில்தான்.

படகுத்துறையில் தீவின் சுகாதார நிலையத்திலிருந்து நாலைந்து பேர் வரவேற்க நின்றார்கள். “டாக்டர், டாக்டர்” என்று ஏக மரியாதை. நான் புள்ளியியலில் டாக்டர். ஊசியைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். இதை விளக்குவதற்குள் ஒரு பெரியவர் முன்னால் வந்து வாயை ஆவென்று திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார். எட்டிப் பார்த்துவிட்டு, கவலையோடு தலையை ஆட்டினேன். அவருக்கு அதிலேயே பாதி வலி போய்விட்டது என்று நினைக்கிறேன்.

திட்ட அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு களக்குறிப்பு எழுதியாக வேண்டும். அதில் புலம்ப முடியாது. அதனால் இது தனியாக, தமிழில்.

ஜூன் 4

வந்த வேலை என்ன என்று இங்கே ஒருமுறை எழுதி வைக்கிறேன். பின்னால் என் பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் தாத்தா என்ன கிழித்தார் என்று தெரிய வேண்டுமே.

இந்தத் தீவுகளில் ரத்தக் கொதிப்பு அதிகம். மக்கள் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். வாயால் கேட்டால் எல்லாரும் “கொஞ்சம்தான்” என்பார்கள். ஆனால் உள்ளே போன உப்பு முக்கால்வாசிக்கு மேல் சிறுநீரில் வெளியே வந்துவிடும். ஆகவே ஆளுக்கு ஒரு மஞ்சள் மூடி போட்ட கேன். ஒரு முழுநாள் கழிப்பதை எல்லாம் சொட்டு சிந்தாமல் அதில் பிடித்துத் தர வேண்டும். கேன்கள் மாலேயில் இருக்கும் பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். எண்கள் எனக்கு வரும்.

உப்பளத்து ஊரில் பிறந்து, எட்டு வருஷம் படாதபாடு பட்டு முனைவர் பட்டம் வாங்கி, கடல் தாண்டி வந்து ஊரார் மூத்திரத்தை வாங்கிக்கொண்டிருக்கிறேன். தீவுப் பிள்ளைகள் ஒரே நாளில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். உதவியாளர் ஷஃபீகா அதை எனக்கு மொழிபெயர்க்க மறுத்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ‘ஒண்ணுக்கு டாக்டர்.’

பெட்டியைப் பிரித்தேன். மனைவி செல்வரதி வைத்தது: ரத்தக் கொதிப்பு பார்க்கும் மெஷின், மாத்திரை டப்பா, ஆறு வேட்டி. அவளுக்குத் தெரியாமல் நான் துண்டில் சுற்றி வைத்தது: மாவடு ஒரு பாட்டில், எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில், நெத்திலிக் கருவாடு. உப்பு ஆராய்ச்சியாளர் பொன்மாரியப்பன் வாழ்க.

ஜூன் 6

இங்கே ஒரு தமிழ்க்குரல் கிடைத்தது! சுகாதார நிலையத்தின் ஒரே டாக்டர் நம்ம ஊர்ப்பக்கம். மார்த்தாண்டத்துக்காரி. பெயர் மெர்சி ரூபாவதி. முப்பது வயசு இருக்கும். ஊசி போடும் டாக்டர்.

“அண்ணாச்சி, தமிழ்ல வாய்விட்டுப் பேசி நாலு மாசம் ஆச்சு. நாக்கே செத்துப் போச்சு” என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். ஆனால் நான் கருவாடு வறுத்த புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த உற்சாகத்தில் நானே ஒரு விளையாட்டைத் தொடங்கி வைத்தேன். நாங்கள் இருவரும் பேசும்போது ஆங்கிலச் சொல் கூடாது. யார் வாயில் வருகிறதோ அவர் சாயா போட வேண்டும். டாக்டர், கேன் இரண்டும் தமிழாகிவிட்டன என்று முடிவு செய்தோம். ‘சாயா’ ஆங்கிலம் இல்லை என்று மார்த்தாண்டம் அடித்துச் சொன்னது. இன்று மட்டும் நான் போட்ட சாயா ஐந்து. விளையாட்டைக் கொண்டுவந்தவன் நான் என்பதைக் கவனிக்கவும்.

ஜூன் 10

செல்வரதி வீடியோவில் வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். முதல் கேள்வி நான் உயிரோடு இருக்கிறேனா என்பதுகூட இல்லை.

“பிரஷர் பாத்தீங்களா?”

“இன்னைக்குப் பாக்கேன்.”

“இங்க பாருங்க. உங்க அண்ணன நேத்துப் பாத்துட்டு வந்தேன். வாரத்துக்கு மூணு நாளு டயாலிசிஸ் மெஷின்ல படுத்துக் கிடக்காரு. கை எல்லாம் ஊசி குத்தி வீங்கிப் போயிருக்கு. அண்ணி மூஞ்சியப் பாக்க முடியல. அதே ரத்தம்தான் உங்களுக்கும். ஒவ்வொரு வாரமும் எனக்கு நம்பர் வரணும். வரலைன்னா நான் படகு ஏறி வந்துருவேன்.”

வருவாள். சந்தேகமே இல்லை.

பார்த்தேன். 168/102. மெஷின் படகில் நனைந்திருக்கிறது. பக்கவாட்டில் வைத்தால் வேறு மாதிரி காட்டலாம். பக்கவாட்டில் வைத்தேன். 171/104. நனைந்துதான் இருக்கிறது.

கெட்டுப்போன மெஷின் காட்டுவதை அனுப்பி ஒரு பெண்ணின் தூக்கத்தைக் கெடுப்பது அறிவியல் அல்ல. சரியான மெஷினாக இருந்தால் என்ன காட்டும் என்று யோசித்து, 124/82 என்று அனுப்பினேன். 120/80 என்றால் சந்தேகப்படுவாள். 124/82 தானாக வந்தது, எங்கேயோ கேட்டுப் பழகிய எண்போல. புள்ளியியல்காரனுக்கு எண்கள் சொந்தபந்தம் மாதிரி.

மாத்திரை? தலை பாரமாக இருக்கும் நாட்களில் போடுகிறேன். சும்மா இருக்கும்போது எதற்கு.

ஜூன் 13

கேனைக் கையில் பிடித்துத் தெருவில் போக ஆண்களுக்கு வெட்கம். மீன்பிடிப் படகுக்குக் கொண்டுபோக மாட்டோம் என்கிறார்கள். ஷஃபீகா சொன்னார், “முதலில் நீங்கள் தூக்கிக்கொண்டு நடந்து காட்டுங்கள். அப்புறம் எல்லாரும் வருவார்கள்.”

நாளை நான் கேன் நாயகன். என் கேனும் மாலேக்குப் போகும், எண் வரும் என்பதால் இன்று காலையிலிருந்தே மாவடுவைத் தொடவில்லை. இது ஏமாற்று இல்லை. பரீட்சைக்கு முந்தின நாள் படிப்பது போலத்தான்.

ஜூன் 14

கேனோடு நாள் முழுக்கத் தீவைச் சுற்றினேன். பெரிய தீவா இது? அரைமணி நடந்தால் புறப்பட்ட இடம் வந்துவிடும். படகுத்துறையில் கயிற்று நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒருவர் என் கேனோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார். என் வாழ்நாளில் ஆராய்ச்சிக்குக் கிடைத்த அதிகபட்ச மரியாதை இதுதான்.

கேனில் ஒரே நுரை. ஷஃபீகா சோப்பு போட்டுக் கழுவியிருப்பார். சரியாக அலசவில்லை.

மாலேக்கு அனுப்பும் முன் மெர்சி என் கேனிலிருந்து ஒரு சின்னக் குழாயில் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். “நானும் இங்க ஒருக்கா பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி” என்றாள். பாரேன், நல்ல பிள்ளை.

ஜூன் 17

இன்று நடந்த கூத்தை எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மெர்சி வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நிறுத்தினாள், மறுபடி யோசித்தாள். ஆங்கிலம் வந்துவிடாமல் சொல் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சாயா போட அவளுக்குச் சோம்பல். கடைசியில் சொன்னாள்.

“அண்ணாச்சி, உங்க சிறுநீர்ல உப்பு இருக்கு. கொஞ்சம் அதிகமாவே இருக்கு.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணில் தண்ணி வந்துவிட்டது. உப்பு ஆராய்ச்சிக்காகப் பிடித்துக் கொடுத்த சிறுநீரில் உப்பு இருக்கிறதாம்!

“தங்கச்சி, உப்பு இல்லாத சிறுநீர் எங்க இருக்குன்னு காட்டு. அங்க போயி ஒரு நினைவுத்தூண் கட்டுவோம்.”

“சிரிக்காதீங்க அண்ணாச்சி. மாலேக்குப் போயி பெரிய டாக்டர்ட்ட காட்டணும்.”

“மாலேக்குத்தானே கேன் போயிருக்கு.”

“கேன் இல்ல. நீங்க போகணும்.”

“கேன் போனா போதும் தங்கச்சி. நான் போனா வாந்தி எடுப்பேன்.”

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. “ரத்தக் கொதிப்பு எவ்வளவு இருக்கு உங்களுக்கு?” என்று கேட்டாள்.

“நூத்தி இருபத்தி நாலுக்கு எம்பத்தி ரெண்டு” என்றேன். இப்போதெல்லாம் அந்த எண் எனக்குப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. கேட்டதும் வருகிறது.

“அப்ப சரி. அதாச்சும் நல்லா இருக்கே” என்று கொஞ்சம் ஆறுதலாகிப் போனாள். “ஆனாலும் உப்பைச் சும்மா விடாதீங்க அண்ணாச்சி.”

விடுவேனா? அதற்குத்தானே சம்பளம். ஷஃபீகாவிடமும் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவருக்கு இதில் என்ன சிரிப்பு என்று புரியவில்லை. மொழிபெயர்த்தால் போய்விடும் நகைச்சுவை இது.

ஜூன் 18

இருந்தாலும் ராத்திரி மாவடுவில் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 24

தீவில் டெங்கு. ஒரு வாரத்தில் நிறையப் பேர் படுத்துவிட்டதால் மெர்சி மூச்சுவிடக்கூட நேரமில்லாமல் ஓடுகிறாள். விளையாட்டும் இல்லை, சாயாவும் இல்லை. வாசலில் என்னைப் பார்த்தால், “உப்பு எப்படி அண்ணாச்சி?” என்று ஓடிக்கொண்டே கேட்கிறாள். “ஊறுகாயைக் குறைச்சாச்சு” என்கிறேன். “அது மட்டும் போதாது” என்று சொல்லிக்கொண்டே கதவுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறாள்.

என் உடம்பு உப்பைப் பற்றி என்னைவிட அவளுக்குக் கவலை. எண் வரட்டும், காட்டுகிறேன்.

செல்வரதிக்கு இந்த வாரம்: 122/81. எண் ஒரேமாதிரி இருந்தால் நம்ப மாட்டாள்.

ஜூலை 1

கடற்காற்றின் ஈரத்தில் செருப்பு சுருங்கிவிட்டது. இரண்டு காலும் உள்ளே போக மறுக்கின்றன. ரப்பர் செருப்பு சுருங்குமா என்று ஷஃபீகாவிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் என் கால்களையே பார்த்தார். மரியாதை தெரிந்த பெண்மணி. புதுச் செருப்பு வாங்கினேன், ஒரு அளவு பெரியதாக.

ஜூலை 5

தலைவலி. வெயில்.

ஜூலை 9

பரிசோதனைக்கூடத்திலிருந்து பதற்றமாக ஒரு ஃபோன். “உங்கள் தீவில் ஒரு ஆளுடைய உப்பு அளவு மனிதனுக்கு வரக்கூடியதே இல்லை. அவர் உயிரோடுதான் இருக்கிறாரா?”

உயிரோடுதான் இருந்தார். மீன்பிடிப் படகோட்டி மனிக். வலை பின்னிக்கொண்டிருந்தார். ஷஃபீகாவை மொழிக்கு வைத்துக்கொண்டு விசாரித்தேன். கொஞ்ச நேரம் மழுப்பினார். பிறகு ஒப்புக்கொண்டார். அவர் கேன் பாதிதான் நிறைந்ததாம். மீதிக்குக் கடல்தண்ணியை மொண்டு ஊற்றியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “ஏன் இப்படிச் செய்தீர்கள்? ஒரே ஒரு பொய்யான எண் போதும், மொத்த ஆராய்ச்சியும் பாழ்! நீங்கள் ஏமாற்றியது என்னை இல்லை, உங்களையே!” என்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தேன். நடுவில் மூச்சு வாங்கியது. உட்கார்ந்துகொண்டு மீதியைச் செய்தேன்.

மனிக் வலையைக் கீழே வைத்துவிட்டு ஏதோ மெதுவாகச் சொன்னார். ஷஃபீகா மொழிபெயர்த்தார். “பாதிக் கேனோடு வந்தவர்களைப் பார்த்து நீங்கள் முகம் வாடினீர்களாம். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கக்கூடாது என்றுதான் ஊற்றினாராம்.”

என்ன மனுஷன்! அறிவியல் என்றால் என்னவென்றே தெரியாதவர். மன்னித்து, புதுக் கேன் கொடுத்துவிட்டு வந்தேன்.

செல்வரதிக்கு இந்த வாரம்: 126/83.

ஜூலை 15

ராத்திரி ஒண்ணுக்குப் போக மூன்று தரம் எழுந்தேன். வயசாகிறது என்று எழுதலாம் என்று பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயசில் அதைக்கூட எழுத மனசு வரவில்லை.

வீடியோவில் செல்வரதி, “மூஞ்சி என்ன உப்பிப் போயி இருக்கு?” என்றாள். கேமரா பக்கத்தில் வைத்தால் அப்படித்தான் தெரியும் என்றேன். அவள் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். பிறகு, “நம்பர் சரியாத்தான் பாக்கீங்களா?” என்றாள். சரியாகத்தான் பார்க்கிறேன். பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை.

ஜூலை 19

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஒழுங்காக, முதலிலிருந்து.

காலையில் என் கேனின் எண் வந்தது. சாப்பிட வேண்டிய அளவுக்குள்தான் இருந்தது என் உப்பு. தீவில் பாதிப் பேரைவிடக் குறைவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாவடு, கருவாடு எல்லாம் ஜீரணித்துவிட்டு இப்படி ஒரு எண் காட்டும் உடம்பு! (முந்தின நாள் பத்தியம் இருந்ததை மறந்தே போனேன். அதுவும் ஒரு திறமைதான்.)

டெங்கு அடங்கி மெர்சி ஓய்வாக இருந்தாள். போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

“பாத்தியா தங்கச்சி? உப்பு உப்புன்னு ஒரு மாசமா என்னைய ஓட்டுனியே. எண் வந்தாச்சு. உப்பு குறைச்சல்!”

அவள் சிரித்துக்கொண்டே காகிதத்தை வாங்கினாள். படித்தாள். சிரிப்பு போய்விட்டது.

“அண்ணாச்சி, இது சோறுல போடுத உப்பு.”

“பின்ன வேற எந்த உப்பு?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“நம்ம ஊருல பிள்ளத்தாச்சிக்கு ‘உப்பு இருக்கு’ன்னு டாக்டர் சொல்லுவாங்கல்லா, கால் வீங்கும்ல, அந்த உப்பு! ஐயோ கர்த்தரே, நான் அதத்தானே சொன்னேன்! புரோட்டீன் அண்ணாச்சி! ஆல்புமின் லீக் ஆகுது! உங்க கிட்னிலேருந்து!”

அந்த உப்பு. எனக்குத் தெரியாத சொல்லா? என் தங்கை இரண்டாவது பிள்ளைக்கு ஏழாம் மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா வீடெல்லாம் சொல்லி அழுததும் அதுதான். ‘உப்பு இருக்காம், உப்பு இருக்காம்.’ எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்! ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். அதைச் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டவன் நான்.

“நாலு ஆங்கிலச் சொல்லு” என்றேன். பழக்கதோஷம். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் உண்மையாகவே எழுந்து அடுப்படிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். பிறகு நின்றாள். திரும்பி வந்து என் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, என் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். குழி அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிறைய ரொம்ப நேரம் எடுத்தது.

“கைய நீட்டுங்க” என்றாள். அவளுடைய மெஷினில் பார்த்தாள். அது எந்தப் படகிலும் நனையாத மெஷின்.

182/110.

“நூத்தி இருபத்தி நாலுன்னு சொன்னீங்களே அண்ணாச்சி? அத நம்பித்தானே நான் சும்மா இருந்தேன்!” என்று கத்தினாள். பிறகு அவளே அழுதாள். “என்ன கேட்டாலும் சிரிச்சீங்க. தைரியமான ஆளுன்னுல்ல நெனச்சேன்.”

தைரியமான ஆள்! அண்ணனுடைய கை கண்ணுக்குள் வந்தது. வீங்கிப்போய், ஊசித் தழும்பாக.

ஜூலை 20

கடல் கொந்தளிப்பு. படகு இல்லை. மெர்சி காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை வந்து மாத்திரை என் தொண்டைக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள். எலுமிச்சை ஊறுகாயையும் மாவடுவையும் அவளே எடுத்துப் போய்விட்டாள். கருவாட்டைத் தீவுப் பூனைகளுக்குப் போட்டாளாம்.

பயமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்து எழுதத் தெம்பு இல்லை.

ஜூலை 22

மாலே. மனிக் தன் படகில் கொண்டுவந்து விட்டார். வாந்தி எடுத்தேன், இந்த முறை ஒழுங்காகக் கடலில். மெர்சி சொல்லி அனுப்பிய ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர், வயிற்று ஸ்கேன். காத்திருக்கும்போது பக்கத்தில் ஒருவர் என்ன வேலை என்று கேட்டார். உப்பு ஆராய்ச்சி என்று சொல்ல வாய் வரவில்லை. மீன் வியாபாரம் என்றேன். இன்னொரு பொய். இது கடைசி.

ஜூலை 23

சிறுநீரக டாக்டர் ஒரு மலையாளி. என் எண்களைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு உயிரே போனது. பிறகு துடைத்து மாட்டிக்கொண்டார். துடைக்கத்தான் கழற்றியிருக்கிறார்.

கெட்டது கெட்டதுதான், திரும்ப வராது என்றார். மீதி இருப்பதைப் பத்திரமாகக் காப்பாற்றலாம் என்றார். மாத்திரை ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. இன்னும் ஆறு மாசம் இப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். “அதை ஏன் கேட்கிறீர்கள்?” என்றார். அந்தப் பதில் போதுமாக இருந்தது.

“ஆமாம், யூரினில் நுரை வந்ததைக் கவனிக்கவில்லையா நீங்கள்?” என்றார்.

“சோப்பு என்று நினைத்தேன்.”

அவர் சீட்டில் என் பெயருக்கு முன்னால் இருந்த ‘டாக்டர்’ என்ற சொல்லை மறுபடி படித்தார்.

ஜூலை 24

செல்வரதியைக் கூப்பிட்டேன். எதிரில் மெஷினை வைத்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டே சொன்னால் மாற்றிச் சொல்ல முடியாதல்லவா.

“நம்பர் எடுத்துக்கோ” என்றேன். “மாத்திரை போட்டும் நூத்தி அறுபத்தி ஆறுக்கு நூறு. அஞ்சு நாளைக்கு முந்தி நூத்தி எம்பத்தி ரெண்டுக்கு நூத்திப் பத்து. கிட்னி கொஞ்சம் போயிருக்கு. மிச்சத்தைக் காப்பாத்திடலாம்னு சொல்லுதாங்க. இவ்வளவு நாளா நான் அனுப்புனது எதுவுமே…”

கத்துவாள், அழுவாள், படகு ஏறுவேன் என்பாள் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் பெரிதாக ஒரு மூச்சு கேட்டது.

“அப்பாடா” என்றாள்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். “என்னது?”

“அப்பாடான்னேன். ஒன்றரை மாசமா இந்த மாதிரி ஒரு நம்பருக்குத்தான் காத்துக் கிடந்தேன். எனக்குத் தெரியும், நீங்க அனுப்புனது எல்லாம் பொய்யின்னு. மொத வாரமே தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“மொத வாரம் என்ன அனுப்புனீங்க? நூத்தி இருபத்தி நாலுக்கு எம்பத்தி ரெண்டு. அது யாரு நம்பரு? மெஷின்ல போயிப் படுக்கிற வரைக்கும் உங்க அண்ணன் அண்ணிகிட்ட வாரா வாரம் சொல்லிட்டு இருந்த நம்பருல்லா அது! சாப்பாட்டு மேசையில உக்காந்து சொல்லுவாரு, நீங்களும் பக்கத்துலதானே இருப்பீங்க!”

ஆமாம். அண்ணனுடைய குரலிலேயே காதில் விழுகிறது இப்போது. “நமக்கென்னல, நூத்தி இருபத்தி நாலுக்கு எம்பத்தி ரெண்டு” என்று சொல்லி, அப்பளத்தை உடைப்பார். நானும் இன்னொரு அப்பளம் எடுப்பேன்.

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?” என்றேன்.

“கேட்டா இன்னும் நல்லா பொய் சொல்லக் கத்துக்கிடுவீங்க. அண்ணி கேட்டுக் கேட்டுத்தான் அவரு கத்துக்கிட்டாரு” என்றாள். அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். இந்த முறை புகை எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 4

ஹிலமாதூவுக்குத் திரும்பினேன். மெர்சி படகுத்துறையில் நின்றாள். விளையாட்டை ஒழித்துவிடலாம் என்று சொல்லலாம் என்றுதான் வந்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

“அண்ணாச்சி, ஒரு திருத்தம். உடம்பு பத்தின பேச்சுக்கு ஆங்கிலம் உண்டு. மத்ததுக்குப் பழைய சட்டம்தான்.”

“ஓகே” என்றேன்.

“சாயா!” என்று கத்தினாள். படகுத்துறையே திரும்பிப் பார்த்தது. போய்ப் போட்டேன்.

ஆகஸ்ட் 7

மனிக் புதுக் கேனோடு வந்தார். ஷஃபீகா மூலம் சத்தியம் செய்தார், எல்லாம் அவருடையது மட்டும்தானாம். தூக்கிப் பார்த்தேன். பாதிதான் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“போதும்” என்றேன். “நல்ல கேன் இது.”

காலை பார்த்தது: 154/96. செல்வரதிக்கு அனுப்பியாயிற்று. அண்ணனுக்கும் அனுப்பினேன். அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.